பாயான் லெப்பாஸில் அரசு ஒதுங்கியா நின்றது?

வணக்கம் ஐயா,

தொழில் வளர அரசின் கை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் தீர்வை இல்லாத துறைமுகமாக்கியதால்தான் பினாங்கு பெரிய ஊரானது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் திறந்துவிட்டார்கள், இன்டெல் வந்தது. அரசு மூக்கை நுழைத்த மலேசியத் தேசியக் கார் கம்பெனியான புரோட்டோனின் கதி உங்களுக்கே தெரியும். சந்தையைச் சும்மா விட்டாலே போதாதா?

— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

புரோட்டோன் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாயான் லெப்பாஸ் விஷயத்தில் உண்டு.

1960களின் கடைசியில் பினாங்கு அந்தத் தீர்வையில்லாத் தகுதியை இழந்தது. கப்பலையும் கடைத்தெருவையும் நம்பியிருந்த ஊரில் வேலை இல்லை. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ கையைக் கட்டிக்கொண்டு சந்தை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே ஆண்டில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவானது. நிலம் எடுத்தது, தொழிற்பேட்டை அமைத்தது எல்லாம் அந்த அரசுக் கழகம்தான். 1971இல் கூட்டரசு சுதந்திர வர்த்தக வலயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வரிச்சலுகையும் கிடைத்தது. இன்டெல், ஹிட்டாச்சி, போஷ் எல்லாம் இப்படிப் போட்டுவைத்த பாயில் வந்து உட்கார்ந்தவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுவது. மின்னணுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய சங்கம் அமைக்க அரசு விடவில்லை. 1988இல் கம்பெனிக்குள்ளான சங்கத்துக்கு மட்டும் வழிவிட்டது. வட்டார அளவிலான சங்கங்கள் 2010 வாக்கில்தான் வந்தன. ஃபேக்டரி பஸ்ஸில் இரவு ஷிப்டுக்குப் போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அரசு ஒதுங்கி நின்றதா என்று. நன்றாகவே தலையிட்டது, முதலாளி பக்கம் நின்று.

சரி, அப்படியானால் புரோட்டோன் ஏன் தடுமாறியது? அங்கேயும் அரசு, இங்கேயும் அரசு. பாயான் லெப்பாஸில் செய்த மின்னணுச் சில்லுகளை உலகச் சந்தையில் விற்றாக வேண்டும். தரம் குறைந்தால் வாங்க ஆளில்லை. 1983இல் தொடங்கிய புரோட்டோனுக்கோ வெளிநாட்டுக் காடிகள்மீது போட்ட வரி வேலியாக நின்றது. நாமும் வேறு வழியில்லாமல் வாங்கினோம். ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட வரிக்குறைப்பிலும் காடிகளுக்கு 2005 வரை தவணை வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் 2017இல் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலிக்குப் போனது. உதவி செய்ததைவிட, உதவியை எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லாததுதான் எனக்குக் குற்றமாகப் படுகிறது.

அதனால் சந்தையா அரசா என்ற உங்கள் கேள்வியைவிட, மின்னணுச் சில்லுத் தொழிலை வளர்க்க 2024இல் அறிவித்த தேசியக் குறைக்கடத்தித் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் ஆதரவு என்றார்கள், 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்றார்கள். அந்தப் பணம் எந்தக் கம்பெனிக்கு, எத்தனை ஆண்டுக்கு, சொன்னதைச் செய்யாவிட்டால் திரும்ப வாங்குவார்களா? உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.