வெனிஸில் சைவத் தாயாருடன் இரவுணவு

வணக்கம். வெனிஸில் மூன்று இரவு தங்குவதாகவும், சைவம் உண்ணும் தாயார் உடன் வருவதாகவும், சான் மார்கோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள விலைகளைப் பார்த்து மலைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சதுக்கத்தில் 1720இல் தொடங்கிய ஃப்ளோரியான் காப்பிக்கடையைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்வது நல்லது. வெளியே அமர்ந்தால் அங்கு வாசிக்கப்படும் இசைக்காகவும் தனிக் கட்டணம் உண்டு.

மாலையில் கன்னரேஜோ பகுதிக்கு நடந்து, மிசெரிகோர்தியா, ஒர்மெசினி கால்வாய்க்கரைகளில் உள்ள ‘பாகரோ’ எனப்படும் சிறு மதுக்கடைகளில் ஏதேனும் ஒன்றில் நுழையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டுகளின் மேல் வெண்ணெய்போல் அடித்த கருவாட்டு மீன், வெங்காயமும் உலர்திராட்சையும் சேர்த்துப் புளிக்காடியில் ஊறிய மத்தி, வதக்கிய கத்தரிக்காய் என்று அடுக்கியிருப்பார்கள். விரலால் சுட்டிக்காட்டி எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்து, நின்றபடியே உண்ணலாம். தாயாருக்கு நிற்பது சிரமமென்றால், கூட்டம் சேருமுன் ஆறு மணிக்கே சென்றுவிடுங்கள்.

உணவகத்தில் அமர்ந்தால் ஒன்றில் கவனம் தேவை: ‘பீகொலி இன் சால்ஸா’ என்பது பார்ப்பதற்கு வெறும் வெங்காயச் சேமியாவாகத் தோன்றினாலும் அதில் நெத்திலி கரைந்திருக்கும். ஆகவே ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே’ (இறைச்சியும் மீனும் இல்லாமல்) என்று சொல்லிவிட்டே வரவழையுங்கள். ரிசோத்தோ எனும் குழைந்த அரிசி உணவாக இருந்தால் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்றும் கேளுங்கள். பட்டியலில் ‘கொபெர்தோ’ என்றிருப்பது தலைக்கு வாங்கும் இருக்கைக் கட்டணம். நீங்கள் மீன் உண்பவரானால், ‘எத்தோ’ என்ற சொல்லுக்கு அருகிலுள்ள விலை 100 கிராமுக்கு உரியது, முழு மீனுக்கு அன்று.