ரிட்டன் லோடு இல்லாத தொழில் இது, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நாமக்கல்லில் ஒன்பது வருடம் லாரி ஓட்டியவர். குடும்ப வழியில் கிரீன் கார்டு கிடைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது இண்டியானாபொலிஸ் கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட். "சொந்த வண்டி, சொந்த நேரம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார். ஒரு டன் ரக டீசல் பிக்கப் டிரக்கைக் கடனில் எடுத்து, ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிகளை இழுத்துக்கொண்டுபோய் டீலர்களிடம் சேர்க்கும் டெலிவரி கான்ட்ராக்டில் இறங்கலாமா, மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் சேலத்துக்காரன். பத்து வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். நல்ல வேலை, மனதுக்குப் பிடித்த வேலை. ஆனால் கடனில் வண்டி வாங்கி இப்போதே இறங்காதீர்கள்.

நாமக்கல்காரருக்கு ரிட்டன் லோடு பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போகும்போது கிடைக்கும் வாடகை டீசலுக்கும் டோலுக்கும் சரியாகப் போய்விடும், திரும்பும்போது கிடைப்பதுதான் வீட்டுக்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே அந்த ரிட்டன் லோடுதான் கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த இந்த வண்டிகளில் பெரும்பகுதி வட இண்டியானாவில் எல்க்ஹார்ட்டைச் சுற்றியே தயாராகிறது. அங்கிருந்து நாடு முழுக்க டீலர்களுக்குப் போகிறது. சரக்கு ஒரே ஊரிலிருந்து வெளியே போகிறதே தவிர, உள்ளே வருவதில்லை. இடாஹோ, ஆரிகன் பக்கம் சில தொழிற்சாலைகள் உண்டு. அங்கிருந்து கிழக்கே ஏதாவது கிடைத்தால் அது அதிர்ஷ்டம், அதை நம்பிக் கடன் வாங்க முடியாது.

கம்பெனி காசு கொடுப்பது லோடு இழுக்கும் மைலுக்கு மட்டும். கணக்குக்காக மைலுக்கு 1.80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மைல் இழுத்தால் 1,800 டாலர், கேட்க நன்றாக இருக்கிறது. டிரெய்லரை இழுக்கும்போது கேலனுக்குப் பத்து மைல் கிடைத்தால் பெரிது. போக நூறு கேலன், காலியாகத் திரும்ப அறுபதுக்கு மேல். டீசல் கேலன் நான்கு டாலர் என்றால் 650 போய்விட்டது. மிச்சம் 1,150. ஓடியதோ இரண்டாயிரம் மைல், போனதோ நாலு நாள். மைலுக்கு 57 சென்ட் வருகிறது. டயர், ஆயில், இன்சூரன்ஸ், சாப்பாடு, வண்டித் தேய்மானம் எல்லாம் அதிலிருந்துதான். அதற்குமேல் மாதத் தவணையும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேலையும் ஒரே மாதிரி இருக்காது. 2021இல் சுமார் 6 லட்சம் ஆர்.வி.க்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. 2023இல் 3.13 லட்சம்தான். அந்த 2021இல் புது டிரக்கைக் கடனில் எடுத்தவர்களில் இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வண்டியும் இப்போது அவர்களிடம் இல்லை. உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சரி, வேறு என்ன வழி? சொந்த டிரக் இல்லாமலே ஆரம்பிக்கலாம். என்ஜின் உள்ள மோட்டார்ஹோமை நீங்களே ஓட்டிக்கொண்டுபோய் டீலரிடம் விட்டுவிட்டு, பஸ்ஸிலோ விமானத்திலோ திரும்புவது ஒரு முறை. சிலர் தங்கள் சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அதிலேயே திரும்புவார்கள். டீசல் யார் கணக்கு, திரும்பும் செலவு யார் கணக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கட்டில் இருக்கிறதே என்று அதில் படுத்துவிடக் கூடாது. அது வாடிக்கையாளரின் புது வண்டி. அடுப்பு, கழிப்பறை எதையும் தொடக் கூடாது.

ஊரில் ஒன்பது வருடம் ஓட்டியது இங்கே காகிதத்தில் செல்லாது. இங்கத்திய லைசென்சில் இரண்டு மூன்று வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறீர்களா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அதனால் இந்தக் கிடங்கு வேலை வீண் போகவில்லை, உங்கள் லைசென்ஸுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இடையில் மருத்துவச் சோதனைக்குப் போய்வாருங்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். 26,000 பவுண்டைத் தாண்டிய பெரிய மோட்டார்ஹோமுக்கு சி.டி.எல். என்னும் கனரக வண்டி லைசென்ஸ் வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகுங்கள். 2025 ஜூனிலிருந்து, சாலைச் சோதனையில் ஆங்கிலம் பேச வராத டிரைவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

வேலைக்கு வந்தபின் முக்கியமானது வண்டியைக் கையில் வாங்கும் அந்த அரை மணி நேரம். முதல் வருடம் ஒரு டிரெய்லரை மழையில் அவசரமாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன். டீலர் இடத்தில் வெயில் அடித்தது. பின்பக்கப் பம்பருக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். தொழிற்சாலையிலேயே இருந்த கீறல்தான், ஆனால் வாங்கும் தாளில் நான் எழுதவில்லை, போட்டோவும் இல்லை. ஐந்நூறு டாலரை என் கணக்கில் பிடித்தார்கள். அன்றிலிருந்து மழையானாலும் பனியானாலும், துணியால் துடைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்காமல் நகர்வதில்லை.

அப்புறம் சக்கர நட்டு. புது டிரெய்லரின் நட்டுகள் ஓட ஓடத் தளரும். ஐம்பது மைல் தாண்டியதும் ஓரம் கட்டி, டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளவு பார்க்கும் ஸ்பேனர்) போட்டு ஒவ்வொன்றாக முறுக்குவேன். இறுகிய நட்டு என்றால் உடனே 'டக்' என்று சத்தம் வரும். போன பிப்ரவரியில் ஒரு சக்கரத்தில் மூன்று நட்டு கால் சுற்றுச் சுற்றிய பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் நான்கு சக்கரத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். கழன்ற சக்கரம் எதிரே வரும் குடும்பத்தின்மேல் போய் விழும், தம்பி.

காற்றும் அப்படித்தான். வயோமிங்கில் ஐ-80 சாலை, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில், பலமுறை 'உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மூடல்' என்று போட்டுவிடுவார்கள். நாம் இழுப்பது சரியாக அந்த ரகம்தான், நாலு பக்கமும் சுவர் வைத்த காலிப் பெட்டி. காத்திருக்கும் நாளுக்குப் பெரும்பாலும் பைசா வராது. ஆனாலும் காத்திருங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில்காரர். சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்கள். வருமான வரியோடு சுயதொழில் வரி 15.3 சதவீதமும் உண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தவணையில் நீங்களே கட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடும் உங்கள் பொறுப்பு. அதனால் மனைவிக்குக் காப்பீடு தரும் வேலை கிடைத்தபிறகு நீங்கள் கிடங்கை விட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த விசாவில் இந்த வேலையை வார இறுதியில்கூடச் செய்ய முடியாது.

கடைசியாக, மனைவியைக் கூட்டிப்போவது. கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பக்கத்து சீட்டில் யாரும் ஏறக் கூடாது, மனைவியானாலும் சரி. அனுமதி கேளுங்கள், சில கம்பெனிகள் கொடுக்கின்றன. என் வீட்டம்மா ஒரே ஒரு முறை கொலராடோ வரை வந்தாள். நெப்ராஸ்காவில் நாள் முழுக்க ஒரே சமவெளி, பேசிக்கொண்டே போனோம். பிள்ளைகள் பிறந்தபிறகு அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியது அன்றுதான்.