பின்கட்டு வாடகையை நம்பி வீடு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, தூத்துக்குடியில் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தவள் நான். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், நடுச்சுவர் பொதுவாக உள்ள இரட்டை வீட்டில் ஒரு பாதி 11 லட்சத்து 50 ஆயிரம் ராண்டுக்கு வருகிறது. பின்னால் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாதம் 4,500 ராண்ட் வருகிறதாம். ‘அந்த வாடகையே பாண்டில், அதாவது வீட்டுக் கடன் தவணையில், பாதியைக் கட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆஃபரில் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். ஃபூட்ஸ்டூட்ஸ், டிரான்ஸ்ஃபர், கிளியரன்ஸ் என்று அவர் அடுக்குவதில் தலை சுற்றுகிறது. கையில் 2 லட்சம் ராண்ட் சேமிப்பு இருக்கிறது. அத்தனையையும் டெபாசிட்டாகப் போட்டுக் கடனைக் குறைக்கலாமா? கொழுந்தனாரோ, பழைய வீடு எதற்கு, மனை வாங்கிக் கட்டுங்கள் என்கிறார்.

பதில்: டெபாசிட் எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம். அந்தப் பின்கட்டுக்கு டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா? அதைக் கண்ணால் பார்க்கும்வரை, எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனாலும் கையெழுத்து வேண்டாம்.

1960களில், இன்னின்ன இனத்தவர் இன்னின்ன பகுதியில்தான் வாழலாம் என்ற குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடிழந்த இந்தியக் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் சாட்ஸ்வொர்த் என்பது உங்கள் மாமியார் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சின்ன வீடுகள், பெரிய குடும்பங்கள். ஆகவே பின்னால் ஓர் அறை, பக்கவாட்டில் ஒரு சமையலறை என்று கட்டிக்கொண்டே போனார்கள். வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிக் கட்டியவர்களும் உண்டு, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் முடித்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 1977-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி, உள்ளாட்சியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் கட்டுவது குற்றம். இடிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்கவும் மாநகராட்சிக்கு வழியுண்டு. அந்த உத்தரவு வரும்போது வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும்.

ஃபூட்ஸ்டூட்ஸ் என்றால் உள்ளது உள்ளபடி விற்பனை. பிறகு வெளிப்படும் குறைகளுக்கு விற்றவர் பொறுப்பல்ல. அவருக்குத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால் மட்டுமே அவரைப் பிடிக்கலாம். சுவர் ஈரம், கூரை ஒழுகல் போன்றவற்றுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதியில்லாத கட்டுமானமும் இந்த வரிக்குள் அடங்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே பின்கட்டுப் பிரச்சினையும் வீட்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும்.

இதற்கு எதிரான ஆயுதமும் உங்கள் கையில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டப்படி, வீட்டின் குறைகளை எழுதி விற்பவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் அந்த விற்பனையை ஏற்கவே கூடாது. கூடுதல் கட்டுமானத்துக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்பதும் அந்தப் படிவத்தில் வரும். அதைக் கேளுங்கள். கூடவே, தரகு செய்ய ஏஜென்டுக்கு உரிமை உண்டு என்று காட்டும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழையும் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்தான்.

ஆஃபர் என்றதும் வெறும் விலை கேட்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டால் அதுதான் விற்பனை ஒப்பந்தம். ஐந்து நாளில் மனம் மாறலாம் என்ற சலுகை 2 லட்சத்து 50 ஆயிரம் ராண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கிடையாது. எனவே இரண்டு நிபந்தனைகளை அதில் எழுதச் சொல்லுங்கள்: குறிப்பிட்ட தேதிக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது; பின்கட்டு உட்பட முழு வீட்டுக்கும் அங்கீகரித்த வரைபடத்தை விற்பவர் தன் செலவில் பதிவுக்கு முன் தர வேண்டும். இரண்டாவதற்கு அவர் இறங்கி வராவிட்டால், பின்கட்டே இல்லாத வீடாக எண்ணி விலை பேசுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பாரே என்று இருந்துவிடாதீர்கள், அவர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை.

வாடகைக் கணக்குக்கு வருவோம். ஆண்டு வட்டி 10.5% என்று வைத்துக்கொண்டால், 11 லட்சத்து 50 ஆயிரத்துக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 11,480 ராண்ட். அதில் 4,500 என்பது ஐந்தில் இரண்டு பங்கு, அதுவும் ஒரு மாதம்கூட அறை காலியாக இல்லாதிருந்தால். வீடு கைமாறினாலும் இருக்கும் வாடகை ஒப்பந்தம் முறியாது. வாடகைக்காரர் பணம் தராமல் நின்றால், 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. உங்கள் இருவர் சம்பளத்தில் முழுத் தவணையையும் கட்ட முடிந்தால் வாங்குங்கள். வாடகை வந்தால்தான் முடியும் என்றால் இந்த வீடு வேண்டாம்.

சேமிப்பு முழுவதையும் டெபாசிட்டாகப் போடாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரையிலான வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வீடு பேர் மாறும்போது வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி, இல்லை; அந்தச் செலவு தப்பியது. ஆனால் பெயர் மாற்றும் வக்கீலுக்கும், பாண்ட் பதிவு செய்யும் வக்கீலுக்கும் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 50,000 ராண்டைத் தாண்டும் என்று எடுத்து வையுங்கள். கிளியரன்ஸ் என்பது வீட்டு வரி, தண்ணீர் பாக்கி இல்லை என்று மாநகராட்சி தரும் சான்று. பாக்கியைத் தீர்ப்பது விற்பவர் வேலை. மின் இணைப்புகள் பாதுகாப்பானவை என்ற சான்றிதழ் வாங்கித் தருவதும் அவர் வேலைதான். இன்னொரு 60,000 ராண்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் டெபாசிட்டாகப் போடுங்கள். அதை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் வக்கீல் கட்சிக்காரர் பணத்தைத் தனியே வைக்கும் டிரஸ்ட் கணக்கில் போட்டு, வட்டி உங்களுக்குச் சேர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடன் குறையாதே என்று கவலைப்பட வேண்டாம். கூடுதலாகக் கட்டியதைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்க அனுமதிக்கும் அக்ஸஸ் பாண்ட் கேளுங்கள். அதே வட்டியில் மாதம் 1,000 ராண்ட் கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் சுமார் பதினைந்தரை ஆண்டில் முடியும். டெபாசிட்டாகப் போன பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது, இந்தப் பணம் வரும்.

வீட்டைப் பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சரிவுகள் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். பின்புற மண்தாங்கு சுவரில் விரிசலோ சாய்வோ இருக்கிறதா என்று பாருங்கள். நிலச்சரிவுக்கு எவ்வளவு காப்பு என்று காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கொழுந்தனார் யோசனை தவறில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது ஒத்துவராது. கட்டுமானக் கடனில் வங்கி மொத்தமாகப் பணம் தராது. கடைக்கால், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் தரும். அதுவரை கட்டும் வீட்டுக்கு வட்டியும் இருக்கும் வீட்டுக்கு வாடகையும் உங்கள் தலையில். என்றைக்காவது கட்டினால், என்எச்பிஆர்சி என்ற வீடு கட்டுநர் பதிவு மன்றத்தில் பதிவுபெற்ற கட்டுநர்தானா, வேலை தொடங்குமுன் உங்கள் வீட்டையும் அங்கே பதிந்தாரா என்று பாருங்கள். பெரிய கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு உத்தரவாதம் அதில்தான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதினீர்களா? எழுதவில்லை என்றால், தாலி கட்டியது தூத்துக்குடியில் என்றாலும், அப்போது உங்கள் கணவரின் நிரந்தர இருப்பிடம் தென்னாப்பிரிக்கா என்பதால் பொதுவாக இந்நாட்டுச் சட்டப்படி இருவர் சொத்தும் கடனும் ஒன்றே. பாண்டில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். அவருடைய பழைய கடன்கள் எவை என்று அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.