1996 டாக்டர் ஹூ தொலைக்காட்சிப் படம்: கேள்வி பதில்

காலப்பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசியான ‘டாக்டர்’, இறக்கும் தறுவாயில் வேறு உருவத்துக்கு மாறுவார் என்பதால் நடிகர்கள் மாறி மாறி நடித்த அறிவியல் புனைவுத் தொடர் டாக்டர் ஹூ. பி.பி.சி. 1963-இல் தொடங்கி 1989-இல் நிறுத்திய அந்தத் தொடருக்கு மறுபடியும் உயிர் கொடுக்க 1996-இல் எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் படத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடரை இதுவரை பார்த்திராதவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பிரிட்டிஷ் தொடருக்கான படம் அமெரிக்காவில் நடப்பது ஏன்?

பதில்: பணமும் ஒளிபரப்பும் அங்கிருந்து வந்ததால்தான். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தயாரிப்பாளர் பிலிப் சீகல் பல ஆண்டுகள் முயன்று, பி.பி.சி., அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனமான யுனிவர்சல், அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஃபாக்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் இணைத்தார். கதை 1999-ஆம் ஆண்டின் இறுதி நாட்களில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது; படப்பிடிப்பு நடந்ததோ கனடாவின் வான்கூவரில்.

கேள்வி: புதிய டாக்டராகப் பால் மெக்கான் அருமையாக நடித்திருந்தும் இது ஏன் தொடராகவில்லை, ஐயா?

பதில்: அமெரிக்காவில் 1996 மே 14 அன்று ஒளிபரப்பானபோது சுமார் 56 லட்சம் பேர்தான் பார்த்தார்கள், தொடருக்கு ஒப்புதல் தர ஃபாக்ஸுக்கு அது போதவில்லை. ஆனால் என் குறை எண்ணிக்கையைப் பற்றியதன்று, திரைக்கதையைப் பற்றியது. ஒரு தொடரைத் தொடங்கி வைக்கும் படம், நாயகன் யார், அவனோடு நாம் ஏன் பயணிக்க வேண்டும் என்ற இரண்டையும் முன்பின் அறியாதவருக்கும் புரிய வைக்க வேண்டும். இந்தப் படமோ, ஸ்காரோ என்ற கோளில் மாஸ்டர் என்ற பழைய எதிரிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதாகவும், அவனுடைய எச்சங்களை டாக்டர் காலிஃப்ரே என்ற சொந்தக் கோளுக்கு எடுத்துச் செல்வதாகவும் பின்னணிக் குரலில் அறிவித்துக்கொண்டே தொடங்குகிறது. அது போதாதென்று, பழைய தொடரின் ஏழாவது டாக்டரான சில்வெஸ்டர் மெக்காய் சுடப்பட்டு, மருத்துவமனையில் இறந்து, பிணவறையில் மெக்கானாக உருமாறும் வரை படத்தின் ஏறக்குறைய கால் பங்கு கழிந்துவிடுகிறது. பழைய ரசிகர்களுக்கு அது உரிய மரியாதை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. புதியவருக்கோ, யாரென்றே தெரியாத ஒருவர் இறந்து யாரென்றே தெரியாத இன்னொருவர் எழுகிறார், அவ்வளவுதான்.

கேள்வி: பிரிட்டனில் மே 27 அன்று 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த படத்தைத் தோல்வி என்பது நியாயமா? அமெரிக்காவில் அதே இரவில் ரோசான் என்ற நகைச்சுவைத் தொடரின் முக்கியமான அத்தியாயத்தோடு மோதவிட்டதுதானே காரணம்?

பதில்: ‘தோல்வி’ என்ற சொல்லை நான் எழுதவேயில்லை. ஆனாலும் உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன்: ரோசானில் நாயகியின் கணவருடைய மாரடைப்பைப் பற்றிய கதை ஓடும் இரவில் எந்த அறிவியல் புனைவுப் படத்தை வைத்தாலும் அடி வாங்கியிருக்கும். ஏற்காத பாதி இது: பிரிட்டனில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸ் என்ற நீலப் பெட்டியைக் கண்டதும் உள்ளே என்ன இருக்கும் என்று அறிந்தவர்கள்; அவர்களுக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. முடிவெடுக்கும் உரிமையோ ஃபாக்ஸிடம் இருந்தது.

கேள்வி: அப்படியானால் மெக்காய் வந்திருக்கவே கூடாது என்கிறீர்களா? அவரை விட்டுவிட்டிருந்தால் நாங்கள் மன்னித்திருக்க மாட்டோம்.

பதில்: வந்திருக்கலாம், ஆனால் கதையை மருத்துவர் கிரேஸ் ஹாலோவேயின் கண்களால் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு இதயங்கள் கொண்ட நோயாளியை அறுவை மேசையில் காண்பவர் அவர். பார்வையாளரின் திகைப்பும் அவருடைய திகைப்பும் ஒன்றாகியிருக்கும். நீங்கள் மன்னிப்பதும் மன்னிக்காததும் ஃபாக்ஸின் கணக்கில் வராது என்பதைச் சற்றே வருத்தத்துடன் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர் தாய்வழியில் பாதி மனிதர் என்று படம் சொல்கிறதே, அது உண்மையா?

பதில்: இன்று இதைக் கேட்கும் மூன்றாவது நபர் நீங்கள். படத்தில் அவரே அப்படிச் சொல்கிறார். பின்னர் வந்த தொடர் அதை நிலைநாட்டவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஏதுமில்லை.

கேள்வி: டாக்டரும் கிரேஸும் முத்தமிடும் காட்சி தேவையா?

பதில்: எனக்குத் தொந்தரவாக இல்லை.

கேள்வி: மெக்கான் மறுபடியும் அந்தப் பாத்திரத்தில் நடித்தாரா?

பதில்: 2001 முதல் ஒலி நாடகங்களில் குரல் கொடுத்து வருகிறார். திரையில் 2013 நவம்பரில் ஒரு குறும்படத்தில் தோன்றி, அடுத்த டாக்டராக உருமாறினார். நேரமிருந்தால் அந்த ஒலி நாடகங்களைக் கேளுங்கள். 1996-இல் தொடர் அமைந்திருந்தால் இந்த நடிகர் என்னவெல்லாம் செய்திருப்பார் என்பதை அவற்றில்தான் உணர முடியும்.

கேள்வி: எந்த இணையத் தளத்தில் பார்க்கலாம்?

பதில்: உங்கள் நாட்டில் உரிமை யாரிடம் உள்ளதோ அவர்களிடம் தேடுங்கள், அது என் துறையன்று.

கேள்வி: டாக்டர் ஹூ பார்த்ததே இல்லை. ஒரே படம், ஒன்றரை மணி நேரம் என்பதால் இதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: என் முதல் பத்தியைப் படிக்கவும். ரசல் டி. டேவிஸ் 2005-இல் மீட்டெடுத்த தொடரின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அதில் ரோஸ் டைலர் என்ற கடைப்பணிப் பெண் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள். டாக்டர் யாரென்று அவளுக்கும் தெரியாது.