சிங்கப்பூர் விழுந்ததும் அதன் பிறகும்: கேள்வி பதில்

1942இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த கதை, அதைச் சொல்லியே இன்றைக்கும் அரசு நடத்தும் தற்காப்புத் திட்டங்கள் ஆகியவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து இருந்ததால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்று படித்தோம். உண்மையா ஐயா? (மதுரை)

பாதி உண்மைகூட இல்லை. சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளை, ஜப்பான்காரன் மலாயா வழியாகத் தரையில் இறங்கி வந்த வடக்குப் பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் சுட்டார்கள். கோளாறு குண்டில் இருந்தது. கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்கானவை. தரையில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து வெடிக்கும். பரவி ஓடிவரும் காலாட்படைக்கு அதனால் பெரிய சேதம் கிடையாது.

உண்மையான ஓட்டை வேறு. செம்பவாங்கில் பெரிய கடற்படைத் தளத்தைக் கட்டிவிட்டு, ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஆபத்து வந்தபோது ஐரோப்பாவிலும் போர். வந்த இரண்டு பெரிய கப்பல்களையும் 1941 டிசம்பர் 10இல் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்துவிட்டன. பீரங்கிக் கதை இத்தனை நாள் ஓடுவதற்குக் காரணம், லண்டனில் போட்ட தப்புக் கணக்கைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

பிரிட்டிஷ் தரப்பில் ஏறக்குறைய 85,000 பேர் இருந்தும் அதில் பாதிகூட இல்லாத படையிடம் எப்படிச் சரணடைந்தார்கள்? (சென்னை, கல்லூரி மாணவர்)

முதலில் அந்த 85,000 பேரும் துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை தம்பி. கிடங்கு, மருத்துவம், அலுவலகம் எல்லாம் அதில் சேர்த்தி. மீதிப் பேரை பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் கடற்கரை நெடுகப் பிரித்து நிறுத்தினார். எதிரி வடகிழக்கில் வருவான் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் படை பிப்ரவரி 8 இரவு வடமேற்கில், சாரிம்பூன் பக்கம் கரையேறியது. அங்கே நின்ற ஆஸ்திரேலியப் படை மெல்லிய கோடாகத்தான் இருந்தது. சில நாளில் புக்கிட் தீமாவும் அங்கிருந்த உணவு, எரிபொருள் கிடங்குகளும் போயின.

அப்புறம் தண்ணீர். ஜனவரி 31இல், சிங்கப்பூரை மலாயாவின் ஜொகூரோடு இணைக்கும் பாலத்தை பிரிட்டிஷார் தாங்களே வெடிவைத்துப் பிளந்தார்கள். அதோடு ஜொகூரிலிருந்து வந்த குழாயும் போயிற்று. தீவுக்குள் நீர்த்தேக்கங்கள் இருந்தன, ஆனால் குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து, வந்த தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது. நகரத்தில் அகதிகளும் சேர்ந்து அடைந்துகிடந்தார்கள். பிப்ரவரி 15 காலையில் ஃபோர்ட் கேனிங் பதுங்கறையில் கூடிய கூட்டத்தில் எரிபொருள், குண்டு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். அன்று மாலையே புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் கையெழுத்து. யமஷிதாவுக்கும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் மேசையில் அதை முகத்தில் காட்டவில்லை.

தண்ணீர் விஷயத்தில் சிங்கப்பூர் இவ்வளவு பதறுவது அதனால்தானா? (கோவை)

அதனால் மட்டும் இல்லை. 1963இல் கடும் வறட்சி, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, ஜொகூர் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். 1961 ஒப்பந்தம் 2011இல் முடிந்துவிட்டது. 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் எடுக்கும் உரிமை 2061 வரை இருக்கிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்பதற்குத்தான் 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் நியூவாட்டர், பிறகு கடல்நீர் ஆலைகள், மரினா அணை. வறட்சியையும் ஒப்பந்தத்தையும் சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். 1942ஐச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

ஐஎன்ஏவில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர்கள் துரோகிகளா, தியாகிகளா? (கோலாலம்பூர்)

ஒரே சொல்லில் முடிக்க முடியாது. 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானியர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். விட்டுவிட்டுப் போனவனுக்கு விசுவாசம் எதற்கு என்று நினைத்துப் பலர், ஜப்பானியர் துணையோடு ஐஎன்ஏவைத் தொடங்கிய மோகன் சிங்கோடு சேர்ந்தார்கள். சத்தியம் செய்தது செய்ததுதான் என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் பலரை நியூகினி வரைக்கும் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செத்தவர்கள் ஏராளம்.

1943 ஜூலையில் நேதாஜி வந்த பிறகு சிப்பாய் அல்லாத ஜனங்களும் திரண்டார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் டாக்டராக இருந்த கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண்களும் இருந்தார்கள். அதே நேரத்தில் அதே தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்குப் பிடித்துப் போவார்களோ என்று பயந்து படையில் சேர்ந்தவர்களும் உண்டு. நாட்டுப்பற்றையும் உயிர்ப்பயத்தையும் தராசில் பிரித்து நிறுக்க என்னால் ஆகாது.

என் மகன் நிரந்தரவாசி. தேசிய சேவை (ராணுவம் போன்ற படைகளில் செய்யும் பணி) கட்டாயமா? எதற்காகக் கொண்டுவந்தார்கள்? (ஈசூன், ஒரு தாய்)

பெற்றோர் வழியாக நிரந்தரவாசி ஆன பையன் என்றால் கட்டாயம்தான் அம்மா. வேலை அனுமதியில் வந்து நிரந்தரவாசியான அப்பாவுக்குத்தான் பொதுவாக விலக்கு. சேவை செய்யாமல் அந்தஸ்தைத் துறந்துவிட்டுப் போனால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாக நிற்கும். இரண்டு வருஷம், அதன் பிறகும் வருஷாவருஷம் ரிசர்விஸ்ட் அழைப்பு, அதாவது மறுபயிற்சிக்கான அழைப்பு, வரும்.

காரணம்? பிரிந்தபோது கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். முழுநேர ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுபடியாகாது. தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் சட்டம் கொண்டுவந்தார். மறு வருஷம் ஜனவரியில் பிரிட்டிஷார் 1971க்குள் கிளம்புகிறோம் என்று அறிவித்தார்கள். பயிற்சி கொடுக்க இஸ்ரேல்காரர்கள் வந்தார்கள். அண்டை நாடுகள் கோபப்படும் என்று அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டில் பாம் ஷெல்டர் (குண்டு விழுந்தால் ஒதுங்கும் அறை) இடத்தை அடைக்கிறது. இடித்துவிடலாமா? (பொங்கோல்)

கூடாது. 1997 சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது கட்டாயம். கெட்டிக் கான்கிரீட் சுவரை இடிக்கக்கூடாது, எஃகுக் கதவைக் கழற்றக்கூடாது, காற்றுத் துளைகளை நிரந்தரமாக அடைக்கக்கூடாது. அரிசி மூட்டை, துணி காயப்போடும் ஸ்டாண்ட், சீனப் பெருநாளுக்கு வந்த பிஸ்கட் டப்பா எல்லாம் வைத்துக்கொள்ளலாம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

'நம்மை நாமே காக்க வேண்டும்' என்று சொல்லியே அரசு எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிறதா? (சிங்கப்பூர்)

ஓரளவு ஆமாம். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள். சங்கு ஊதும், பள்ளிகளில் பயிற்சி நடக்கும். பாடம் பொய் இல்லை. ஆனால் 1942 சொல்லும் இன்னொரு பாடம் அவ்வளவு சத்தமாகக் கேட்பதில்லை. பிரிட்டிஷார் உள்ளூர் ஜனங்களை நம்பி ஆயுதம் கொடுக்கவில்லை. சீனத் தொண்டர் படைக்குக் கடைசி நேரத்தில்தான் துப்பாக்கி கிடைத்தது, அதுவும் அரைகுறையாக. பாசிர் பாஞ்சாங்கில் கடைசிவரை நின்ற மலாய்ப் படையின் லெப்டினன்ட் அட்னானைப் பாடப்புத்தகத்தில் கொண்டாடுகிறோம். அதே மலாய்க்காரர்களை ராணுவத்தின் சில பிரிவுகளில் நெடுநாள் வைக்கவில்லை. 1987இல் அமைச்சராக இருந்த லீ சியன் லூங் அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். இப்போது நிலைமை மாறிவருகிறது. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளியில் பேச வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்? (திருச்சி)

காலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 2017இல் அங்குள்ள காட்சிக்கூடத்துக்கு ஜப்பானியர் அன்று சிங்கப்பூருக்கு வைத்த 'ஷோனான்' பெயரையே சூட்டப் போய், ஜனங்கள் கொதித்து, அமைச்சர் மன்னிப்புக் கேட்டுப் பெயரை மாற்றினார்கள். மதியத்துக்கு மேல் கிராஞ்சி போர்க் கல்லறை. நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அதில் இந்தியப் பெயர்கள் நிறைய. குடை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழல் குறைவு.