நூறு பெட்டி திறந்தும் வாள் வரல!

கேள்வி: கேம்ல ஒரு வாள் கிடைக்க 1 சதவீதம் சான்ஸ்னு போட்ருக்கு, 100 பெட்டி திறந்துட்டேன், வரவேயில்ல. ஏமாத்துறாங்களா சார்? 10 ரூபா பெட்டில 1 சதவீதம், 40 ரூபா பெட்டில 3 சதவீதம், எதை வாங்கலாம்? - வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, இத வச்சு மட்டும் ஏமாத்துறாங்கன்னு சொல்ல முடியாது. நம்மூர்ல சீட்டு குலுக்கிப் போடுவோம்ல, குடத்துல 100 சீட்டு, ஒன்னுலதான் வாள், ஆனா எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ளயே போட்டுடறாங்க, அதனால குடத்துக்கு நீங்க முன்னாடி எடுத்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு பெட்டில வாள் வராம போக 99 சதவீதம் சான்ஸ், அதாவது 0.99. நூறு பெட்டிக்கு 100 தடவை 0.99 எழுதி எல்லாத்தையும் ஒன்னோட ஒன்னு பெருக்குங்க, 0.366 வரும். அதாவது நூறு திறந்த பேர்ல 37 சதவீதம் பேருக்கு வெறுங்கைதான், அதுல நீங்களும் ஒருத்தர், மனசு கஷ்டமாதான் இருக்கு. ஒரு வாளாவது வரும்னு 95 சதவீதம் நம்பிக்கை வேணும்னா கிட்டத்தட்ட 300 பெட்டி ஆகும்.

விலைய சதவீதத்தால வகுத்து 100ஆல பெருக்கிப் பாருங்க: 10 ரூபா பெட்டில ஒரு வாளுக்கு சராசரி 1000 ரூபா, 40 ரூபா பெட்டில சுமார் 1333. பெரிய சதவீதம் கண்ண மறைக்குது, சின்னதுதான் மலிவு. ஆனா வாளுக்கு 1000 ரூபாயே அதிகம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொன்னு, சில கேம்ல உச்சவரம்பு வச்சிருப்பாங்க. ஜென்ஷின் இம்பாக்ட்ல 5 ஸ்டார்ங்கிற அபூர்வ கேரக்டருக்கு ஒரு தடவைக்கு 0.6 சதவீதம்தான், ஆனா 90வது தடவைக்குள்ள கட்டாயம் ஒன்னு வந்துடும், அதையும் சேத்தா சராசரி 1.6 சதவீதம். உங்க கேம்ல அப்படி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 101வது பெட்டிக்கும் அதே 1 சதவீதம்தான்.