ராத்திரி 2 மணி வரை படித்தும் முடியவில்லை: ட்யூஷன் வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கோலாலம்பூரில் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் மெதுவாக வாசிப்பான், ஆனால் பிழை இருக்காது. இப்போது எல்லாம் ஆங்கிலம். ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்தும் நோட்ஸ் முடிவதில்லை. தேர்வில் கடைசிக் கேள்விகளைத் தொடவே நேரம் கிடைப்பதில்லை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமாக இருக்குமோ என்று விரிவுரையாளர் ஒருவர் சொன்னாராம். இந்த வயதிலா அது வரும்? ட்யூஷன் வைக்கட்டுமா? (ஒரு தாய், செந்தூல்)

பதில்: அம்மா, ட்யூஷனை இப்போதைக்கு விடுங்கள். ராத்திரி 2 மணி வரை விழித்திருக்கும் பிள்ளையிடம் உழைப்பு குறையவில்லை.

டிஸ்லெக்சியா 19 வயதில் முளைப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே இருப்பது. பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. இவ்வளவு நாள் அது மறைந்திருந்தால் அதற்குத் தமிழும் மலாயும் காரணமாக இருக்கலாம். இந்த மொழிகளில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஒலி பிடிபட்டுவிடும். அதனால் இவற்றில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதே அதிகம். நீங்கள் எழுதியிருப்பதும் அதுதானே! ஆங்கிலம் அப்படியில்லை. ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’ என்ற மூன்று சொற்களும் ஓ-யு-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்தில் முடிகின்றன. ஒலியையும் எழுத்தையும் பொருத்தத் தடுமாறும் மூளைக்கு இது பெரும்பாரம். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் விரிவுரையாளர் சொன்னது சந்தேகம் மட்டுமே. கல்வி உளவியலாளரோ மருத்துவ உளவியலாளரோ சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். கோலாலம்பூரில் உள்ள மலேசிய டிஸ்லெக்சியா சங்கத்திடமும் வழி கேட்கலாம். போகும்போது ஆரம்பப்பள்ளி ரிப்போர்ட் புத்தகங்களை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலப் பழக்கம் போதாததும் டிஸ்லெக்சியாவும் ஒன்றாகத் தெரிய வாய்ப்புண்டு. மலாயிலும் அவன் வாசிப்பு வேகத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உறுதியானால் சமூகநலத் துறையின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ‘கற்றல் சிரமம்’ என்ற பிரிவில் டிஸ்லெக்சியாவும் அடங்கும். அட்டை எடுப்பது கட்டாயமில்லை. நம் குடும்பங்கள் “நாளைக்குக் கல்யாணம் பேசும்போது கேட்பார்களே” என்று தயங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சலுகை கேட்கையில் அட்டை கையிலிருந்தால் பாதி வாதம் மிச்சம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-வது பிரிவு, தகுந்த வசதி செய்து தரும் பொறுப்பை அரசுக் கல்வி நிலையங்களுக்கும் தனியார் நிலையங்களுக்கும் சேர்த்தே வைக்கிறது. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை. ஆகவே கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

என்ன கேட்பது? முதலில் தேர்வில் கூடுதல் நேரம். பிரிட்டனில் கால்வாசி நேரம் கூட்டித் தருவது வழக்கம். 3 மணி நேரத் தாளுக்கு அது 45 நிமிடம். உங்கள் மகன் விடுகிற அந்தக் கடைசிக் கேள்விகள் அதற்குள் அடங்கலாம். தேர்வு வாரத்தில் போய்க் கேட்டால் கை விரிப்பார்கள். செமஸ்டர் தொடங்கியதுமே மாணவர் விவகாரப் பிரிவில் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, வாசிப்புச் சுமையில் பாதியைக் காதுக்கு மாற்றுவது. வோர்ட் செயலியிலேயே உரக்க வாசிக்கும் வசதி இருக்கிறது. கண் வரியில் ஓட, காது கேட்கட்டும். ஒரு சிக்கல் உண்டு: படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைப் பல செயலிகளால் வாசிக்க முடியாது. மூலக் கோப்பையே விரிவுரையாளரிடம் கேட்டு வாங்கட்டும். வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அனுமதியும் கேட்கலாம். வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள் என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை. அவை அதைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை.

இன்னொன்று, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். பள்ளியில் நீங்கள் போய் ஆசிரியரிடம் பேசினீர்கள். இங்கே அவனே பேச வேண்டும். “பாடம் புரிகிறது, வாசிக்கத்தான் எனக்கு நேரம் அதிகமாகிறது. ஸ்லைடுகளை முதல் நாளே தர முடியுமா?” இவ்வளவு போதும். போகுமுன் அதை வீட்டில் உங்களிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.